ஒன்பது புள்ளி முகம்

சுந்தர்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை நீ வைட்ஃபீல்டிலிருந்து காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு, மல்லேஸ்வரத்தில் ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தப் போகிறாய். அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுவதற்குள் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் என்னைச் சேர்த்துவிட்டு இந்த அடுகோடி வீட்டைப் பூட்டிவிடலாம் என்பது உன் ஏற்பாடு. என்னைக் கேட்டுச் செய்த ஏற்பாடு இல்லை. எல்லாம் முடிவான பிறகு போனில் தகவல் சொன்னாய், அவ்வளவுதான். இத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நீ என்னைப் பற்றி எழுதியதை இந்த அடுக்ககத்தில் நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் படித்தார்கள், இதையும் அவர்கள் படிக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவேன், லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுவேன். உனக்கு வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்தது பாதிதான். வரலட்சுமி நோன்புக்கு இந்த வருஷம் கீழே பொது ஹாலில் எல்லாரும் சேர்ந்து கலசம் வைத்தோம். கலசத்துத் தேங்காயில் கட்டுகிற வெள்ளி அம்மன் முகம் எங்கள் செக்ரட்டரி வீட்டினுடையது. அவர் மனைவி கோமளாவுக்கு வேலூரில் தாய்வீட்டில் கொடுத்த முகம். வெள்ளிக்கிழமை பூஜை, சனிக்கிழமை சாயங்காலம் கலசத்தைக் கலைத்தார்கள், திங்கட்கிழமை முகத்தைக் காணோம். அன்று மத்தியானமே செக்ரட்டரி குழுவில் ஒரு போட்டோ போட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்கு ஹாலுக்குப் போகிற நடைபாதையில், வெளிர் புடவை கட்டிய ஒரு வயதான பெண், கையில் எதையோ வைத்துக்கொண்டு போகிறாள். சுவரில் மாட்டியிருக்கிற கண்காணிப்புக் கேமராவில் விழுந்த படம். பக்கத்திலேயே அந்த முகத்தைப் பெரிதாக்கி இன்னொரு படம். கீழே, "ஏ-204 ஆன்ட்டி போலத் தெரிகிறது, தவறுதலாக எடுத்துப் போயிருந்தால் திருப்பிக் கொடுக்கவும்" என்று ஒரு வரி. ஏ-204 நான். அந்த ஆறு மணிக்கு நான் அல்சூரில் நூலகத்தில் புத்தகம் மாற்றிவிட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நூலக முத்திரையில் தேதி இருக்கிறது, மணி இல்லை. பஸ் ஸ்டாப்பில் என்னோடு நின்றவர்களை எங்கே போய்த் தேடுவது?

நீ என்ன செய்தாய்? எனக்கு ஒரு போன் போட்டு, "அம்மா, அது நீயா?" என்று கேட்டிருக்கலாம். திட்டியாவது கேட்டிருக்கலாம். போட்டோ வந்து இருபது நிமிஷம் ஆகவில்லை, நீ குழுவில் எழுதிவிட்டாய். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். "மன்னிக்கவும். அம்மாவுக்குச் சில மாதங்களாக ஞாபகம் சரியில்லை. பொருள் வீட்டில்தான் எங்காவது இருக்கும். நான் வந்து தேடித் தருகிறேன்." சில மாதங்களாகவாம்! எந்த மாதம்டா? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கவிட்டது ஒரு தரம், அதுவும் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது. வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பது உன் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே இருந்தது, அவரை யாரும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. உன் பெண்டாட்டி பேரை இதில் இழுக்க மாட்டேன், அவள் எழுதவில்லை. என் வயிற்றில் பிறந்த நீதான் எழுதினாய். திருடி என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. திருடி என்றால் எதிர்த்துச் சண்டை போடலாம். மறதி என்று சொல்லிவிட்டால், நான் இல்லை இல்லை என்று கத்துகிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த வியாதிக்குச் சாட்சியாகிவிடுகிறது.

அதற்கப்புறம் இந்தக் கட்டடத்தில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. எதிர் வீட்டு அம்மா, என்னோடு பதினோரு வருஷமாக வேகவேகமாகக் கன்னடத்தில் வம்பளந்தவள், திடீரென்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, "ஊட்டா ஆய்த்தா ஆன்ட்டி?" என்று கேட்க ஆரம்பித்தாள். சாப்பிட்டாச்சா என்று ஒரு நாளில் மூன்று தரம்! சாப்பிட்டதை மறந்திருப்பேனாம். வாட்ச்மேன் லிஃப்ட் பட்டனை எனக்காக அமுக்கினான். ஒருத்தர் வந்து, வீட்டு நம்பரும் உன் போன் நம்பரும் எழுதிய ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, "பர்ஸ்ல வெச்சுக்கோங்க ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க," என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். அவர் போன பிறகு அந்த அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தேன். யாரும் என்மேல் கோபப்படவில்லை, எல்லாருக்கும் என்மேல் பாவம் பாவமாக வந்தது, அதுதான் பொறுக்கவில்லை. அந்த வாரமே முடிவு செய்தேன், இதைச் செய்தவனைச் சும்மா விடுவதில்லை என்று. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவள். எங்கள் செக்‌ஷனில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான், "ஒரிஜினல் எங்கே?" ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருவார்கள். எட்டு என்கிற எண் மூன்றாவது ஜெராக்ஸில் பூஜ்யமாகிவிடும், கையெழுத்து கரப்பான்பூச்சி மாதிரி ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் செக்ரட்டரியிடம் போய், "சார், ஒரிஜினல் வீடியோ காட்டுங்க," என்றேன். "அது பதினஞ்சு நாள்ல தானா அழிஞ்சிடும் ஆன்ட்டி," என்றார். "இன்னும் பதினஞ்சு நாள் ஆகலையே?" என்றேன். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று இழுத்தடித்துப் பதினாறாம் நாள், "ஐயோ, அழிஞ்சிடுச்சே," என்றார். வேண்டுமென்று செய்தாரா, சோம்பேறித்தனமா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் நயாஸ் பாய் கடைக்குப் போனேன். மெயின் ரோட்டில் கேமரா விற்று, மாட்டி, ரிப்பேரும் பார்க்கிறவர், நரைத்த தாடிக்காரர். எங்கள் கட்டடத்துக் கேமராக்களை மாட்டியதும் அவர்தான். போட்டோவை அவருக்கு அனுப்பி, "பாய், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றேன். அவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் முகம் போய்க் கட்டம் கட்டமாகச் சதுரங்கள் நின்றன. "எண்ணுங்கம்மா," என்றார். விரல் வைத்து எண்ணினேன். குறுக்கே ஒன்பது, நெடுக்கே பன்னிரண்டு. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு மனுஷிக்கு மொத்தம் நூற்றெட்டுச் சதுரம். ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம், சாம்பலில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெளுப்பு. கண் என்பது ஒரு சதுரம். மூக்கு இல்லவே இல்லை. ஏழு புள்ளிக் கோலத்தில் மயில் போடச் சொன்னால் எப்படிப் போடுவது?

"கேமரா ரெண்டு மெகாபிக்சல்னு பெட்டில போட்டிருந்ததே பாய்?" என்று கேட்டேன். மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "இருபது லட்சம் புள்ளி இருக்கும்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா அது முழு நடைபாதைக்கும் பங்கு போகுது. சுவருக்கு எவ்ளோ, தரைக்கு எவ்ளோ, தூரத்துல வர்ற ஆளோட மூஞ்சிக்கு எவ்ளோ மிச்சம்? அதுலயும் செக்ரட்டரி சார் ரெக்கார்டிங் மெஷின்ல இருந்து எடுக்கல, போன்ல பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்காரு. போனுக்கு அனுப்பறப்ப மெஷின் படத்தைச் சின்னதாக்கித்தான் அனுப்பும், இல்லைன்னா நெட் தாங்காது. அப்புறம் வாட்ஸ்அப் இன்னும் கொஞ்சம் கசக்கும்." இத்தனை புள்ளி என்று பெட்டியில் எழுதியிருப்பது ஒன்று, நமக்கு வேண்டிய இடத்தில் எத்தனை புள்ளி விழுந்தது என்பது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. வெளிச்சம் இன்னொரு கதை. ஆறு மணிக்கு அந்த நடைபாதையின் மேற்கு ஜன்னலில் வெயில் நேராக அடிக்கும். வருகிறவளுக்கு முதுகில் வெளிச்சம், முகம் இருட்டு. முடியின் ஓரத்தில் வெயில் பட்டால் கறுப்பு முடியும் நரையாகத் தெரியும். இருட்டில் கேமரா தன்னால் முடிந்ததைத் தோண்டி எடுக்கும், தோண்டும்போது மணல் மாதிரி பொரிப்பொரியாக வரும்.

"அப்ப பக்கத்துல இருக்கிற பெரிய முகம்? அதுல கண், மூக்கு, சுருக்கம் எல்லாம் தெளிவா இருக்கே?" என்றேன். "நக்கோம்மா, அதை மட்டும் நம்பாதீங்க," என்றார். வேண்டவே வேண்டாம் என்பது போலக் கையையும் ஆட்டினார். "அது ஆப் வரைஞ்சது. மங்கலா இருக்கிறதைத் தெளிவாக்கித் தர்றேன்னு சொல்ற ஆப். கேமராவுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு விட்டுடும். இந்த ஆப்பு ரொம்ப மரியாதைக்காரன்மா, யார் எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லவே சொல்லாது. ஓரத்துல வெளுப்பா இருக்கா, சரி, கிழவி. கிழவின்னா இப்படிச் சுருக்கம் இருக்கும், இப்படிப் பல் இருக்கும்னு அதுவே போட்டுடும்." அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அந்த முகம் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லை. நான் கண்ணாடி இல்லாமல் படுக்கையைவிட்டு இறங்குவதில்லை, உனக்குத் தெரியாதா? அந்த நடைபாதையில் நான் ஒருநாளும் சிரித்ததும் இல்லை. ஆனால் நீ பார்த்த உடனே, ஆமாம், என் அம்மா என்று தலையாட்டிவிட்டாய்.

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். நீ படித்ததே கம்ப்யூட்டர். நீ காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நாம் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமரா ஞாபகமிருக்கிறதா? எனக்கு இருக்கிறது, பார்த்துக்கொள். லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய், தூரத்து மரத்தில் ஒரு மீன்கொத்தியைப் படம் எடுக்கிறேன் என்று ஜூமை அழுத்திக்கொண்டே போனாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் நீலத்தில் நாலு அழுக்குத் திட்டு. உன் அப்பா, "பறவை பறந்துடுச்சு, அது உக்காந்த இடத்தைப் பிடிச்சிட்டான்," என்றார். லென்ஸ் நகராமல் செய்கிற ஜூம் வெறுமனே ஓரத்தை வெட்டி மிச்சத்தை இழுப்பதுதான், புதிதாக ஒரு புள்ளியும் வராது என்று அன்றைக்கு எங்களுக்கு விளக்கியதே நீ. என் அறுபதாவது பிறந்த நாளுக்குப் புதுப் போனோடு வந்தாய். "நூத்தெட்டு மெகாபிக்சல்மா!" என்று பீற்றிக்கொண்டாய். கோயில் மண்டபத்தின் மங்கல் விளக்கில் எடுத்த படங்களில் எல்லாருக்கும் மெழுகு பூசின முகம். அத்தனை கோடிப் புள்ளியையும் ஒரு கடுகளவு தகட்டில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் போதாது என்று அதையும் நீயேதான் சொன்னாய். இவ்வளவு தெரிந்தவன் உன் தாயின் விஷயத்தில் மட்டும் நூற்றெட்டுச் சதுரத்தை நம்பினாய். தெரியாமல் நம்பவில்லை, உனக்குச் சௌகரியமாக இருந்ததால் நம்பினாய். அம்மாவுக்கு மறதி என்றால் ஜெர்மனிக்கு நிம்மதியாகப் போகலாம், விட்டுவிட்டுப் போனான் என்று யாரும் பேச மாட்டார்கள். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்வேன்.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் வந்து தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷம் ஒரு அம்மாள் வந்தாள். கோப்பில் இருந்த போட்டோவில் நல்ல தலைமுடி, பூசின கன்னம். எதிரில் நின்றவளுக்கு முடி கொட்டி, கன்னம் ஒட்டியிருந்தது. நான் சிவப்பு மையில், "புகைப்படம் பொருந்தவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். "நான்தாம்மா அது, உடம்பு சரியில்லாம இருந்துச்சு," என்று அவள் சொல்லிக்கொண்டே நின்றாள். நான் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை, போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு தரம் நடக்க வைத்தேன். ஐந்தாம் தரம் அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவும் இல்லை. இந்த ஒரு மாதத்தில் அவளைத்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அதனால் என் கோபம் குறைந்தது என்று நினைக்காதே, குறையவில்லை. எனக்கு அன்றைக்கு யாராவது முகத்தில் அடித்த மாதிரி இதைச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, உனக்கு நான் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் வெள்ளி முகம் கிடைத்துவிட்டது. விநாயகர் சதுர்த்திக்குப் புளியோதரை செய்யப் பொது ஹால் சமையலறையில் அரிசி டிரம்மைத் திறந்தார்கள், உள்ளே அம்மன் முகம். கலசம் கலைத்த பிறகு அம்மன் முகத்தை அரிசிக்குள் வைப்பது நம்மவர்கள் வழக்கம். கோமளா வருஷா வருஷம் தன் வீட்டு அரிசி டப்பாவில் வைப்பாள். இந்த வருஷம் பூஜை கீழே நடந்ததால் கைப்பழக்கத்தில் கீழே இருந்த டிரம்முக்குள் வைத்துவிட்டு, அரிசியில் வைத்தேன் என்பது மட்டும் ஞாபகமிருக்க, வீட்டு டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள். இல்லையென்றதும் திருட்டு என்று கூச்சல். கிடைத்த அன்று எல்லாரும் சிரித்தார்கள். "அட ராமா, நான்தான் மறந்துட்டேன்!" என்று அவளும் சிரித்தாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, அதனால் அது மறதி. எனக்கு அறுபத்து நாலு, அதனால் எனக்கு வந்தால் வியாதி. அவளை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை.

செக்ரட்டரி குழுவில், "பொருள் கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது" என்று போட்டு ஒரு கைகூப்பு வைத்தார். நான் நேரே போய், "அந்தப் போட்டோவை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டேன். "நீங்க எடுக்கலை ஆன்ட்டி, ஒத்துக்கறேன். ஆனா அங்க நடந்துபோனது நீங்கதானே? உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்," என்றார் அந்த மனுஷன். உனக்குப் போன் பண்ணினால் நீயும் அதையேதான் பாடினாய். "பொருள் கிடைச்சது முக்கியம் இல்லம்மா. நீ அங்க போயிருக்க, போனதே உனக்கு ஞாபகம் இல்ல, அதான் எனக்குப் பயமா இருக்கு." அன்றைக்குத்தான் மல்லேஸ்வரம் டாக்டர் பேச்சை முதல் முதலாக எடுத்தாய். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரம்தான்.

இரண்டு நாள் கழித்துக் கோமளா வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. "அக்கா, அந்தப் போட்டோல இருக்கிறது நான்தான். சனிக்கிழமை ஆறு மணிக்கு முகத்தை எடுத்துட்டுப் போய் அரிசில வெச்சேனே, அப்ப விழுந்தது. சந்தன கலர் புடவை கட்டியிருந்தேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், சும்மா இரு, என் மானம் போயிடும்ங்கறார்," என்று சொல்லி அழுதாள். வேறு யாராவது என்றால் அவளை அப்படியே இழுத்துக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் நிறுத்தியிருப்பார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றியது. "நீ ஒண்ணும் சொல்லாதே கோமளா. உன் புருஷன் வாயாலயே வரவழைக்கறேன்," என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகச் சிரித்தாள். அவளுக்கும் அவரிடம் தீர்க்க வேண்டியது ஏதோ இருந்திருக்கிறது.

இந்தக் கட்டடத்தில் ஆறு பெண்களைப் பிடித்தேன், வயது முப்பதிலிருந்து எழுபது வரை. கோமளாவின் அதே சந்தன நிறப் புடவையை மாற்றி மாற்றிக் கட்டச் சொல்லி, ஒவ்வொரு நாளும் அதே ஆறு மணிக்கு, அதே வெயிலில், அதே நடைபாதையில் ஒருத்தியாக நடக்க வைத்தேன். நயாஸ் பாய் அதே கேமராவை அதே மாதிரி போனில் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒரு தரம் அனுப்பி வாங்கி, அதே ஆப்பில் போட்டார். பக்கத்திலேயே நின்று ஒரு நல்ல கேமராவிலும் ஒவ்வொருத்தியையும் படம் எடுத்தார். அந்த ஆப் ஆறு பேருக்கும் கிழவி முகம் வரைந்தது. முப்பது வயசுக்காரி தன் படத்தைப் பார்த்து, "அய்யோ, எங்க மாமியார்!" என்று அலறினாள். அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருந்தேன். பழிவாங்குகிற வேலை மாதிரி காலையில் சீக்கிரம் எழுப்புகிற வேலை வேறொன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழுக் கூட்டம். எல்லாரும் தண்ணீர் டேங்கர், பார்க்கிங் என்று பேசி முடித்ததும் நான் எழுந்து, ஐந்து நிமிஷம் வேண்டும் என்றேன். நயாஸ் பாய் சுவரில் மங்கலான அந்த ஆறு படத்தையும் வரிசையாகக் காட்டினார். "செக்ரட்டரி சார், என்னை அடையாளம் கண்டுபிடிச்சது நீங்கதான். இந்த ஆறுல நான் எது, சொல்லுங்க," என்றேன். "எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம், முடிஞ்சு போன மேட்டர்," என்று சிரித்தார். எதிர் வீட்டு அம்மா, "ஹேளி சார், ஹேளி," என்று பின்னாலிருந்து கத்தினாள், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தார். "நாலாவது," என்றார். "டௌட்டே இல்ல. நடை, தோள்பட்டை, எல்லாமே நீங்கதான்." "நல்லா பார்த்துச் சொல்லுங்க சார், உறுதியா?" "ஹண்ட்ரட் பர்சன்ட்." நயாஸ் பாய் நல்ல கேமராவில் எடுத்த நாலாவது படத்தைச் சுவர் முழுக்கப் போட்டார். காதுத் தோட்டின் கல் வரைக்கும் தெளிவாகக் கோமளா நின்றாள்.

அந்த ஹாலில் எழுந்த சிரிப்பைச் சனிக்கிழமை வரும்போது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின பெண்டாட்டியை ஹண்ட்ரட் பர்சன்ட் ஏ-204 ஆன்ட்டி என்றவர் பேயறைந்த மாதிரி நின்றார். கோமளா எழுந்து, "அன்னிக்கும் நான்தாங்க. உங்ககிட்ட சொன்னேனே," என்றாள். நான் அத்தோடு விடவில்லை. "இந்த ஆறுல நான் இல்லவே இல்ல சார்," என்றேன். "நான் நடக்கவே இல்ல." அவர் உட்காரப் போனார், உட்கார விடவில்லை. மன்னிப்பு எழுதித் தயாராக வைத்திருந்தேன். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நின்றபடி வாசிக்க வைத்தேன். தமிழில் மட்டும் கேட்கவில்லை என்று சொல்லி இரண்டு தரம். கேமராவில் விழுந்த யார் முகத்தையும் இனிக் குழுவில் போடக்கூடாது என்று தீர்மானமும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். குரூரம் என்று நீ சொல்லலாம். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் கூட்டத்து வீடியோவை அன்றைக்கே உனக்கு அனுப்பினேன். நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் உன் பதில் வந்தது. "சூப்பர்மா! செம்ம! எதுக்கும் சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் அப்படியே இருக்கட்டும், ஒரு சேஃப்டிக்கு." மன்னிச்சுக்கோ அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. குழுவில் நீ எழுதிய வரி இன்னும் அப்படியே இருக்கிறது, இப்போது போய்ப் பார். அத்தனை பேர் முன்னால் நின்று செக்ரட்டரி வாபஸ் வாங்கினார், அவருக்கு நான் யாரோ. நீ வாங்கவில்லை. ஆறு பெண்களைக் கூட்டி, கேமராக்காரரைக் கூட்டி, ஊரைக் கூட்டி, என் மகனிடம் நான் நான்தான் என்று நிரூபித்தேன். அதற்கப்புறமும் உனக்கு ஒரு டாக்டர் சீட்டு வேண்டியிருக்கிறது. ஜெர்மனிக்குப் போ, நான் தடுக்கவில்லை. நன்றாக இரு என்றும் சொல்கிறேன், மனசார இல்லாவிட்டாலும் வாயாரச் சொல்கிறேன். இந்த வீட்டை நான் பூட்டப் போவதில்லை. இங்கேதான் இருப்பேன், இங்கேதான் பால் பொங்கும்.

அப்பாயின்ட்மென்ட்டை நான் ரத்து செய்யவில்லை. நேற்றுக் காலை மல்லேஸ்வரத்துக்குப் போன் பண்ணினேன். எடுத்தது ஒரு சின்னப் பெண், நல்ல தமிழ் பேசினாள். "சனிக்கிழமை பத்தரைக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் இருக்கும்மா, அதுல பேஷன்ட் பேரை மட்டும் மாத்தணும்," என்றேன்.

"யார் பேருக்கு மேடம்?"

"சுந்தர். வயசு முப்பத்தாறு."

"என்ன தொந்தரவு மேடம் அவருக்கு?"

"பெத்த தாயோட முகம் அடையாளம் தெரியல."

"எத்தனை நாளா மேடம்?"

"வரலட்சுமி நோன்புலேர்ந்து."

"சரி மேடம், மாத்திட்டேன். ஆனா இந்த மாதிரி பேஷன்ட்டைத் தனியா அனுப்பக் கூடாது. வீட்டு ஆள் யாராவது கூட வரணும்."

"நான் கூட்டிட்டு வர்றேன்," என்றேன். "நான் அவனோட அம்மா."